மாரடைப்பு அபாயக் கணிப்பைத் திருகோணமலையில் பயன்படுத்துவது எப்படி

அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் ஒருவருக்கு மாரடைப்போ பாரிசவாதமோ வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சதவீதமாகச் சொல்லும் அட்டவணைகளும் கணிப்பான்களும் இன்று யார் கைக்கும் எட்டுகின்றன. திருகோணமலையில் உள்ள ஒருவருக்கு அரசாங்கக் கிளினிக்கில் உலக சுகாதார நிறுவனத்தின் நிற அட்டவணையைப் பார்த்து ஒரு விடை சொல்லப்படுகிறது. இலண்டனில் இருக்கும் மகள் அதே தகப்பனாரின் விவரங்களை அங்குள்ள வைத்தியர்கள் பயன்படுத்தும் கியூரிஸ்க் கணிப்பானில் இட்டுப் பார்த்து இன்னொரு விடையை அனுப்புகிறார். கனடாவில் இருக்கும் மருமகன், அமெரிக்க ஆய்வு ஒன்றிலிருந்து வந்த ஃபிரேமிங்ஹாம் கணக்கில் மூன்றாவது விடை ஒன்றைப் பெறுகிறார். மூன்றும் ஒரே மனிதரைப் பற்றியவை என்றாலும், ஒவ்வொரு கணிப்பும் வெவ்வேறு மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பெறப்பட்டது என்பதால் அவை வேறுபடுவதில் வியப்பில்லை. ஆகவே ஒரு எண்ணைக் கையில் எடுக்கும்போது அது எந்த மக்களிடமிருந்து வந்தது, அந்த மக்களுக்கும் நமக்கும் எதில் ஒற்றுமை, எதில் வேற்றுமை என்று கேட்பதே முதல் வேலை. கிராமங்களில் பணியாற்றும் சுகாதாரத் தொண்டர்கள், இத்துறையில் ஆய்வு செய்ய எண்ணும் வளாக மாணவர்கள், வீட்டில் பெரியவர்களின் அறிக்கைகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொடங்கும் முன் ஒரு எல்லையைச் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு, பாரிசவாதம், நெஞ்சுவலி நோய் என்று உறுதிப்படுத்தப்பட்டவர்களுக்கும், சிறுநீரக நோய் முற்றியவர்களுக்கும் இந்த அட்டவணைகள் உரியவையல்ல. அவர்கள் உயர் அபாயத்தில் இருக்கிறார்கள் என்பது அட்டவணை பாராமலே தெரிந்த விடயம். குருதி அமுக்கம் 160/100 இலும் கூடுதலாக நிலைத்திருப்பவர்களுக்கும், மொத்தக் கொலஸ்ட்ரோல் லீற்றருக்கு 8 மில்லிமோல், அதாவது டெசிலீற்றருக்குச் சுமார் 310 மில்லிகிராம், அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும் அட்டவணை எந்த நிறத்தைக் காட்டினாலும் சிகிச்சை தேவைப்படும். இப்போதே நெஞ்சு இறுகி வியர்த்துக் கொட்டும் ஒருவருக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.

அட்டவணை எங்கிருந்து வந்தது என்று பார்த்தல்

அபாயக் காரணிகளைப் பற்றிய இன்றைய அறிவின் பெரும் பகுதி, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஃபிரேமிங்ஹாம் என்ற சிறு நகரத்தில் 1948 ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. அங்கு 30 முதல் 62 வயது வரையான 5,209 ஆண்களையும் பெண்களையும் தேர்ந்து, குறித்த கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் பரிசோதித்து, யாருக்கு நோய் வருகிறது என்று பதிந்தார்கள். உயர் குருதி அமுக்கம், கொலஸ்ட்ரோல், புகைத்தல், நீரிழிவு ஆகியவை நோயை முன்கூட்டியே காட்டும் என்பதை உலகம் நம்புவதற்கு இந்த ஆய்வு பெரிதும் உதவியது. ஆனால் அந்த நகர மக்கள் ஏறக்குறைய எல்லோருமே ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களிடம் பெற்ற சமன்பாட்டைச் சீனாவில் சோதித்து 2004 இல் வெளியிட்டபோது, அது அங்குள்ளோரின் அபாயத்தை உண்மையிலும் மிகக் கூட்டிச் சொல்வது தெரியவந்தது. பிரித்தானியாவிலும் பொதுவாக அது கூட்டியே சொன்னது. எனினும் ஸ்கொட்லாந்தின் வறிய பகுதிகளில் அதே சமன்பாடு அபாயத்தைக் குறைத்துச் சொன்னது. மொழியும் நிறமும் ஒன்றாக உள்ள ஒரு நாட்டுக்குள்ளேயே வறுமை இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குமானால், கடல் கடந்து வரும் ஒரு சமன்பாட்டை அப்படியே ஏற்க முடியாது.

இடம் மாறினால் அபாயமும் மாறும் என்பதற்கு ஜப்பானியரைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்று நல்ல சான்று. ஜப்பானில் வாழ்ந்தவர்கள், ஹவாயில் குடியேறியவர்கள், சான் பிரான்சிஸ்கோவில் குடியேறியவர்கள் என மூன்று தொகுதியினரையும் ஒப்பிட்டபோது, வம்சம் ஒன்றாக இருந்தும் இதய நோய் ஜப்பானில் குறைவாகவும் ஹவாயில் இடைப்பட்டும் கலிபோர்னியாவில் கூடுதலாகவும் இருந்தது. திருகோணமலையிலிருந்து புலம்பெயர்ந்த உறவினரின் அறிக்கையை வைத்து இங்குள்ள தம்பியின் அபாயத்தை ஊகிப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

தெற்காசியரைப் பொறுத்தவரை 2004 இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு முக்கியமானது. சலிம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த அவ்வாய்வில் இலங்கையும் அடங்கியிருந்தது. புகைத்தல், குருதிக் கொழுப்பின் சமநிலைக் கேடு, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், பழமும் மரக்கறியும் குறைவாக உண்ணல், உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம் ஆகிய ஒன்பதும் சேர்ந்து, முதல் மாரடைப்புகளில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்குக் காரணம் சொல்லப் போதுமானவை என்று அது காட்டியது. இந்த ஒன்பதும் எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒரே பட்டியலாகவே இருந்தன. மாறியது வயது: தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, ஏனைய நாட்டவருக்கு அது ஏறத்தாழ 59. நம்மவருக்கு நோய் புதிதான காரணங்களால் வருவதில்லை. அதே காரணங்கள் நம்மிடம் முன்னதாகவே சேர்ந்துவிடுகின்றன.

இனி, கையில் உள்ள தெரிவுகள். இலங்கையில் முன்பு பயன்பட்டது, உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட அட்டவணை. அதில் இலங்கை, இந்தோனேசியாவும் தாய்லாந்தும் அடங்கிய பிரிவில் வைக்கப்பட்டிருந்தது. 2019 இல் வந்த திருத்தத்தில் உலகம் 21 பிரிவுகளாக்கப்பட்டபோதும் இலங்கை தென்கிழக்காசியப் பிரிவிலேயே இருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகியவை தெற்காசியப் பிரிவில் உள்ளன. ஆகவே நாகப்பட்டினத்தில் இருக்கும் ஒருவருக்கும் திருகோணமலையில் இருக்கும் ஒருவருக்கும் ஒரே வயது, ஒரே குருதி அமுக்கம், ஒரே பழக்கங்கள் இருந்தாலும் வெவ்வேறு பக்கங்களைப் புரட்ட வேண்டும். இந்திய இணையத்தளத்தில் கிடைத்த அட்டவணையை அச்சிட்டுக் கிராமத்துக்கு எடுத்துச் செல்லும் தொண்டர்கள் இங்குதான் தடம் மாறுகிறார்கள்.

கியூரிஸ்க் கணிப்பானில் இனத்தைக் கேட்கும் இடம் உண்டு. இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர் தனித்தனியே குறிக்கப்பட, இலங்கைத் தமிழர் 'ஏனைய ஆசியர்' என்பதற்குள் அடங்குகிறார். அத்துடன் அது பிரித்தானிய அஞ்சல் குறியீட்டைக் கொண்டு வசிப்பிடத்தின் வறுமையைக் கணக்கில் சேர்க்கிறது. திருகோணமலையின் பாலையூற்றுக்கு அங்கே குறியீடு இல்லை. இலண்டனில் குடியிருக்கும் மகளுக்கு அது பொருத்தமான கருவி. தகப்பனாருக்கு இலங்கைக்குரிய உலக சுகாதார நிறுவன அட்டவணையே உரியது. அமெரிக்காவில் 2013 இல் வந்த சமன்பாடு வெள்ளையர், கறுப்பினத்தவர் என்ற இரு பிரிவை மட்டுமே தனித்துக் கணித்தது. 2023 இல் வந்த பிரிவென்ற் சமன்பாடுகளில் இனம் முற்றாக நீக்கப்பட்டு, சிறுநீரகத்தின் செயற்பாடு சேர்க்கப்பட்டது. அவ்விரண்டும் நமக்காக ஆக்கப்பட்டவையல்ல என்பதால் அவற்றில் நேரம் செலவிடத் தேவையில்லை.

அளவுகளைச் சரியாக எடுத்தல்

மிக நல்ல சமன்பாட்டைக் கூடப் பிழையான அளவு கெடுத்துவிடும். அதிகம் கெடுப்பது குருதி அமுக்கம். அளக்கப்படுபவர் அரை மணி நேரத்துக்குள் தேநீரோ கோப்பியோ குடித்திருக்கவும் புகைத்திருக்கவும் கூடாது. சலம் முட்டியிருக்கக் கூடாது. முதுகு சாய்ந்து, பாதங்கள் நிலத்தில் பதிய, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடமாவது பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். முழங்கைக்கு மேற்பகுதி இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி கை மேசைமேல் தாங்கப்பட வேண்டும். சட்டைக் கையை மேலே சுருட்டி, அது கயிறுபோல் இறுகிய பிறகு அளப்பது பல மருத்துவ முகாம்களில் நடக்கிறது; சட்டையைக் கழற்றச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை, திரை ஒன்று கட்டினால் போதும். அளக்கும்போது கையில் சுற்றும் சாதாரண அளவுப் பட்டி, மேல்கையின் சுற்றளவு 27 முதல் 34 சென்ரிமீற்றர் வரை உள்ளவர்களுக்கே பொருந்தும். திருக்கடலூரிலோ சல்லியிலோ கரைவலை இழுத்து உரமேறிய கைகளுக்கு அது சிறிதாகிவிடுவதுண்டு. பட்டி சிறிதானால் அமுக்கம் உள்ளதிலும் கூடுதலாகக் காட்டும். அத்துடன் வலை இழுத்துக் கரையேறியவரை அந்த இடத்திலேயே இருத்தி அளந்தால் கிடைப்பது உழைப்பின் அமுக்கமே தவிர அவருடைய வழமையான அமுக்கமன்று. பெரிய அளவுப் பட்டி ஒன்றையும் நாடாவையும் பையில் வைத்திருப்பதும், மீனவர் குடியிருப்பில் முகாமைக் கரையில் வைக்காமல் வாசிகசாலையில் வைப்பதும் இக்குறையைப் பெருமளவு தீர்க்கும்.

மூன்று தடவை, இடையே சில நிமிட ஓய்வு விட்டு அளந்து, முதலாவதை விட்டுவிட்டுக் கடைசி இரண்டின் சராசரியை எடுப்பது ஆய்வுகளில் கைக்கொள்ளப்படும் முறை. அளந்தவரின் கவனத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பழைய இரசக் கருவியிலும் கடிகார முகம் கொண்ட கருவியிலும் கோடுகள் இரண்டு இரண்டாகவே போடப்பட்டிருக்கும். ஆகவே நேர்மையாக வாசித்தால் ஐந்தில் ஒரு அளவு மட்டுமே பூச்சியத்தில் முடிய வேண்டும். பதிவேட்டில் 120, 130, 140 என்று பக்கம் முழுவதும் பூச்சியங்களாக நிற்குமானால் அங்கே அளக்கப்படவில்லை, மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஆய்வுக் கட்டுரை ஒன்றின் தரவுகளைப் பார்க்கக் கிடைத்தால் நான் முதலில் எண்ணிப் பார்ப்பது இந்தப் பூச்சியங்களைத்தான்.

இடுப்புச் சுற்றளவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். சாரம் உடுத்தவரின் கட்டு சரியாக அந்த இடத்தில் வரும். அதைத் தளர்த்தாமல் அளந்தால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூடிவிடும். பெண்களைப் பெண்களே அளப்பது எல்லாச் சமூகத்திலும் நல்லது. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. ஐரோப்பியருக்குரிய எல்லைகள் இவற்றிலும் கூடுதலானவை. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டியிலும் அவ்வாறே, ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே கவனம் தேவை, 27.5 இலிருந்து அபாயம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. மெலிந்த கையும் காலும் முன்தள்ளிய வயிறும் உள்ள உடலமைப்பு நம்மிடையே சாதாரணம் என்பதால், நிறுத்துப் பார்க்கும் தராசிலும் அளக்கும் நாடா அதிகம் சொல்லும்.

இரத்தப் பரிசோதனை பற்றிச் சுருக்கமாக இரண்டு விடயங்கள். இலங்கை ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் டெசிலீற்றருக்கு மில்லிகிராம் என்ற அலகில் அறிக்கை தருகின்றன. அட்டவணையில் இருப்பதோ லீற்றருக்கு மில்லிமோல். கொலஸ்ட்ரோலாயின் அறிக்கையின் எண்ணை 38.7 ஆலும், சீனியாயின் 18 ஆலும் வகுக்க வேண்டும். 200 என்ற கொலஸ்ட்ரோல் 5.2 ஆகும், 126 என்ற வெறும் வயிற்றுச் சீனி 7 ஆகும். கிண்ணியா, மூதூர் போன்ற இடங்களில் நோன்பு மாதத்தில் வெறும் வயிற்றுச் சீனி எடுப்பது எளிது என்று தோன்றினாலும், அம்மாதத்தில் உணவு நேரமும் மருந்து நேரமும் தூக்கமும் மாறியிருப்பதால், அவசரமில்லாத பரிசோதனையைப் பெருநாளுக்குச் சில கிழமைகள் கழித்து வைத்துக்கொள்வதே நல்லது.

அட்டவணையைப் புரட்டி விடை காணுதல்

2019 அட்டவணையில் இரு வகை உண்டு. ஒன்று வயது, பால், புகைத்தல், நீரிழிவு, மேல் குருதி அமுக்கம், மொத்தக் கொலஸ்ட்ரோல் ஆகியவற்றைக் கேட்கும். இரத்தப் பரிசோதனை இல்லாத இடத்துக்கானது மற்றது. அது கொலஸ்ட்ரோலுக்கும் நீரிழிவுக்கும் பதிலாக உடற்திணிவுச் சுட்டியைக் கேட்கும். 40 முதல் 74 வயது வரையானவர்களுக்கே இரண்டும் பொருந்தும். வெருகல் போன்ற தொலைவிடங்களில் இரண்டாவதைக் கொண்டு முதலில் சலித்தெடுத்து, அபாயம் கூடியவர்களை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனால் நீரிழிவுள்ளவரின் அபாயத்தை இந்த இரண்டாவது அட்டவணை குறைத்தே சொல்லும் என்பதை மறக்கக் கூடாது.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிண்ணியாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் 52 வயதுக்காரர். உயரம் 164 சென்ரிமீற்றர், எடை 68 கிலோ, இடுப்பு 94 சென்ரிமீற்றர். அமுக்கம் முதல் தடவை 162, பின் 148, 146. மொத்தக் கொலஸ்ட்ரோல் 210. நீரிழிவு இல்லை. சிகரட்டை நான்கு மாதத்துக்கு முன் விட்டுவிட்டதாகச் சொல்கிறார். வெற்றிலையும் புகையிலையும் உண்டு.

முதல் அளவை மட்டும் எடுத்தால் அவர் 160 முதல் 179 வரையான வரிசைக்குப் போவார். கடைசி இரண்டின் சராசரியான 147 ஐ எடுத்தால் அதற்குக் கீழ் வரிசைக்கு வருவார். அவசரமாக ஒரு தடவை அளந்திருந்தால் அவருடைய நிறமே மாறியிருக்கலாம். உடற்திணிவுச் சுட்டி 68 ஐ 1.64 இன் வர்க்கத்தால் வகுக்க 25.3 வருகிறது, ஐரோப்பிய அளவில் மயிரிழை கூடுதல், நமது அளவில் எல்லையைத் தாண்டி வெகுதூரம், இடுப்பும் அதையே சொல்கிறது. கொலஸ்ட்ரோல் 5.4. புகைத்தலில்தான் கவனம் வேண்டும்: விட்டு ஓர் ஆண்டு நிறையாதவரை இவ்வட்டவணைகள் புகைப்பவராகவே கொள்கின்றன. பீடி, சுருட்டு பிடிப்பவரும் புகைப்பவர்தான்; "சிகரட் குடிப்பதில்லை" என்ற பதிலைக் கேட்டதும் நிறுத்திவிடாமல் மற்ற இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இன்டர்ஹார்ட் தரவுகளில் பீடி மட்டும் பிடித்தவர்களுக்கும், புகையிலை மென்றவர்களுக்கும் மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மெல்லும் புகையிலைக்கு அட்டவணையில் இடமே இல்லை.

இவ்வளவும் சேர்ந்து சந்திக்கும் கட்டத்தில் உள்ள எண்தான் விடை. 5 சதவீதத்துக்குக் கீழ் பச்சை, 10 வரை மஞ்சள், 20 வரை செம்மஞ்சள், 30 வரை சிவப்பு, அதற்கு மேல் கடுஞ்சிவப்பு. எண் 15 என்றால், இதே அளவுகள் கொண்ட நூறு பேரில் ஏறத்தாழ 15 பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் என்பது பொருள். அந்த 15 பேரில் இவர் ஒருவரா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. இதை அவரிடம் சொல்லும்போது, உடனே அதே வயது வரிசையில் புகைக்காதவருக்குரிய கட்டத்தையும், அமுக்கம் 120 இலிருந்து 139 வரை உள்ளவருக்குரிய கட்டத்தையும் விரலால் காட்டுங்கள். தன்னுடைய கட்டத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் காண்பது, சதவீதத்தை வாயால் கேட்பதிலும் பலருக்கு விளங்குகிறது. இளையவர்களிடம் இது இன்னும் அவசியம். 42 வயதில் எவ்வளவு கெட்ட அளவுகள் இருந்தாலும் வயதின் காரணமாக எண் சிறிதாகவே வரும், பச்சையைப் பார்த்து அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

அட்டவணைக்குத் தெரியாதவை

தகப்பனுக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன் இதய நோய் வந்திருந்தால் அபாயம் கூடும். உலக சுகாதார நிறுவன அட்டவணையில் அதற்கு இடமில்லை. தெற்காசியரிடம் பரவலாகக் காணப்படும் குறைந்த எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரோல்), கூடிய ட்ரைகிளிசரைட் (இரத்தக் கொழுப்பின் இன்னொரு வகை) ஆகியவையும் அதில் இல்லை. ஏற்கெனவே அமுக்க மருந்து குடிப்பவரின் அளவு மருந்தால் இறங்கியது. அட்டவணை அதை இயல்பாக இறங்கியதாகவே எண்ணும். மன அழுத்தத்துக்கும் அதில் இடமில்லை. போரும் இடப்பெயர்வும் 2004 இன் ஆழிப்பேரலையும் கடந்துபோன ஒரு மாவட்டத்தில், காணாமற்போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் சுமையை அளக்க எந்த வரிசையும் நிரலும் இல்லை. இவற்றில் ஏதேனும் இருந்தால், கிடைத்த எண்ணை உண்மையின் கீழ் எல்லையாகக் கொண்டு, வைத்தியரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். எண்ணைத் தாமாகவே ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது வேண்டாம். சில வழிகாட்டிகள் தெற்காசியருக்கு அப்படிப் பெருக்கச் சொன்னதுண்டு என்றாலும், அவை வேறு சமன்பாடுகளுக்குச் சொல்லப்பட்டவை.

இன்னொன்று, நோய் வந்தபின் நடப்பது. 17 நாடுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த பியூர் ஆய்வு 2014 இல் வெளியிட்ட முடிவு பலரையும் யோசிக்க வைத்தது. அபாயக் காரணிகள் கூடுதலாக இருந்தது பணக்கார நாடுகளில். இறப்பும் கடும் நோயும் கூடுதலாக இருந்ததோ வறிய நாடுகளில். மருந்து கிடைப்பதும், தொடர்ந்து குடிப்பதும், நேரத்துக்கு வைத்தியசாலையை அடைவதும் இந்த வேறுபாட்டுக்குப் பெரும் காரணங்களாகக் கருதப்பட்டன. வெருகலில் நள்ளிரவில் நெஞ்சு வலிப்பவருக்கும் நகரத்தின் நடுவே வசிப்பவருக்கும் அட்டவணையில் ஒரே கட்டம்தான்.

ஆய்வுக் கட்டுரையை எடைபோடுதல்

ஒரு கணிப்பு முறை நல்லது என்று கட்டுரை சொன்னால் இரு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். நோய் வரப்போகிறவரை வராதவரிலிருந்து அது பிரித்துக் காட்டுகிறதா என்பது ஒன்று. கட்டுரைகள் இதற்கு 0.5 முதல் 1 வரையான ஓர் எண்ணைத் தரும், 0.5 என்றால் நாணயம் சுண்டியதற்குச் சமம். அது சொல்லும் சதவீதம் உண்மையில் நடந்த சதவீதத்தோடு ஒத்துப்போகிறதா என்பது மற்றது. வேறு மக்களிடம் கொண்டுபோகும்போது பெரும்பாலும் உடைவது இந்த இரண்டாவது. ஆயிரம் பேருக்கு 10 சதவீத அபாயம் என்று ஒரு முறை சொன்னது என வைத்துக்கொள்வோம். நூறு பேருக்கு நோய் வந்திருக்க வேண்டும். உண்மையில் 150 பேருக்கு வந்தால், யாருக்கு முன்னே, யாருக்குப் பின்னே என்ற வரிசை சரியாக இருந்தும், சிகிச்சை தேவையான பலர் எல்லைக்குக் கீழே விடப்பட்டிருப்பார்கள். சீனாவில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கே சமன்பாட்டின் காரணிகளை மாற்றாமல் அடிப்படை நோய் வீதத்தை உள்ளூர் அளவுக்குத் திருத்தியவுடன் அது ஒழுங்காக வேலை செய்தது. 2019 அட்டவணையும் இவ்வழியிலேயே ஆக்கப்பட்டது: பெரும்பாலும் செல்வந்த நாடுகளில் நடந்த 85 பின்தொடர் ஆய்வுகளிலிருந்து காரணிகளின் வலிமையை எடுத்து, ஒவ்வொரு பிரிவின் நோய் வீதத்துக்கும் ஏற்பச் சரிசெய்தார்கள். அந்த வீதங்களே மதிப்பீடுகள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பிரிக்கும் திறனை மட்டும் பெருமையாகச் சொல்லி, ஒத்துப்போதலைப் பற்றி மௌனம் காக்கும் கட்டுரையை, அதில் செயற்கை நுண்ணறிவு என்ற சொல் எத்தனை தடவை வந்தாலும், பாதிக் கட்டுரையாகவே நான் கொள்வேன்.

பிறகு மக்களைப் பார்க்க வேண்டும். இலங்கையில் 2007 இல் ராகமவில் 35 முதல் 64 வயதினரைத் தேர்ந்து பின்தொடரத் தொடங்கிய ஆய்வின் தரவுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அட்டவணை சோதிக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு ஆய்விலும் அது நமக்கு நெருக்கமானது, ஆனால் கம்பஹா மாவட்டத்தில் கொழும்பை ஒட்டிய ஒரு பகுதி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் எவரும் அறுதிப் பெரும்பான்மையின்றி வாழும், மீன்பிடியும் வயலும் கால்நடையும் அரச உத்தியோகமும் கலந்த திருகோணமலைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகரே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இங்கேயே ஆய்வு செய்ய நினைப்பவருக்கு

கிளினிக்குக்கு வந்த இருநூறு பேரை ஒரே தடவை அளந்துவிட்டு அதைக் கணிப்பு ஆய்வு என்று பெயரிட முடியாது. கணிப்புக்குக் காலம் வேண்டும். ஒரு கணிப்பு முறையைப் புதிய மக்களிடம் சோதிக்கக் குறைந்தது நூறு பேருக்காவது நோய் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு நோய் வரும் வயதினரை எடுத்தால், ஆயிரம் பேரைப் பத்து ஆண்டு பின்தொடர வேண்டும். ஓர் இளமாணி ஆய்வுக்கு அது இயலாது. அதற்குப் பதிலாக, ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் அபாயக் காரணிகள் எந்த அளவில் உள்ளன என்று எழுந்தமானமாகத் தெரிவுசெய்த வீடுகளில் ஒழுங்காக அளந்து வெளியிடுவது, அரைகுறைக் கணிப்பு ஒன்றிலும் பல மடங்கு பயனுள்ளது. நெறிமுறைக் குழுவின் அனுமதியும், அவரவர் மொழியில் எழுதிய ஒப்புதல் படிவமும் இரண்டுக்கும் பொது.

வீடு வீடாகப் போகும் நேரத்தை யோசித்துத் தெரிவுசெய்ய வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் போனால் ஆண்கள் கடலிலோ வயலிலோ கடையிலோ இருப்பார்கள். தரவில் பெண்களும் முதியவர்களும் நோயாளரும் மட்டுமே சேர்வார்கள். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் விதைப்பு, அறுவடைக் காலங்களையும், முஸ்லிம் கிராமங்களில் வெள்ளிக்கிழமை நண்பகலையும், கடற்கரையில் மீனவர் பருவத்துக்கேற்ப வேறு கரைக்கு வாடி மாறும் காலத்தையும் விலக்கி நாள் குறிக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் இவற்றைக் கேட்டாலே ஒரு கிழமை வேலை மிச்சம். பங்குபற்ற மறுத்தவர்களின் வயதையும் பாலையும் மட்டுமாவது குறித்து வைத்தால், கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதைப் பிறகு சொல்லலாம்.

நிதியும் ஆளும் கிடைத்து உண்மையிலேயே பின்தொடரும் ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு, கடினமான பகுதி முடிவைப் பதிவது. வைத்தியசாலையில் இறந்தவரின் காரணத்தை அங்குள்ள குறிப்பேட்டில் காணலாம். வீட்டில் திடீரென இறந்தவருக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரியின் பதிவில் "மாரடைப்பு" என்று எழுதப்பட்டிருக்கலாம். அது நாடித்துடிப்பு நின்றது என்பதை மட்டும் குறித்ததா, உண்மையில் இதயக் குழாய் அடைத்ததா என்பது அந்த ஒரு சொல்லில் தெரியாது. ஆகவே கடைசி நாட்களில் உடனிருந்த உறவினரிடம், துக்க காலம் கழிந்த பின், அதற்கென வகுத்த வினாக்கொத்தைக் கொண்டு வலி எங்கே வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, ஒரு பக்கம் கை கால் விழுந்ததா, முன்பே காய்ச்சல் இருந்ததா என்று கேட்டு எழுத வேண்டும். இறந்தவரின் பழைய அளவுகள் மறைக்கப்பட்ட நிலையில் இரு வைத்தியர்கள் அந்த விவரங்களைத் தனித்தனியே வாசித்துக் காரணத்தைத் தீர்மானிக்க வேண்டும்; இருவரும் உடன்படாத இறப்புகளை மூன்றாமவர் ஒருவர் பார்க்க, அப்போதும் தெளியாதவற்றைத் தெளியாதவை என்றே பதிந்து, அவை எத்தனை என்பதைக் கட்டுரையில் வெளியிட வேண்டும்.